பெட்டிக்கடை முதலாளிக்கு

அப்பா,

நீங்கள் “வரும், வரும்” என்று சொல்லிக்கொண்டிருந்த பார்சல் போன கிழமை வந்து சேர்ந்தது. குறிகட்டுவான் பஸ்ஸை இறுப்பிட்டிச் சந்தியில் நிறுத்தி, கொண்டக்டர் மிதிபலகையில் நின்றபடி உங்கள் பெயரை ஊருக்கே கேட்கிற மாதிரிக் கூப்பிட்டார். நான்தான் ஓடிப்போய் வாங்கினேன். கோழித்தீன் மூட்டைக்குக் கீழே கிடந்து வந்திருக்க வேண்டும். அட்டைப்பெட்டி முழுக்க அந்த மணம்.

“முதலாளி எங்க, பிள்ளை?”

“வெளியில போயிட்டார்.”

“எப்ப வருவார்?”

கேட்டவர் இந்தப் பாதைக்குப் புது ஆள், அவருக்குத் தெரியாது. எங்கள் வீட்டாரிடம் கேட்கப்பட்டு, “வரும்” என்ற பதில் கிடைக்காமல் போன முதற்கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

பார்சலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சவ்வரிசி மாதிரி வெள்ளை மணிகள். காற்றை அழுத்தி அவற்றுக்குள்ளால் விட்டால் நைதரசனைப் பிடித்து வைத்துக்கொண்டு ஒட்சிசனை வெளியே விடும். கொழும்புத் துறைமுகத்தில் அவை மாதக்கணக்காய்க் கிடந்ததால்தான் எங்களால் புதுப் பெட்டி ஒன்றும் கட்ட முடியாமல் இருந்தது. அக்கா பார்சலை உடைக்கவில்லை. காலால் மேசைக்கு அடியில் தள்ளினாள்.

“நான் பூட்டுறன்,” என்றாள்.

“கதவையோ?”

“கடையை.”

இந்த மடலை எழுதுவதற்குக் காரணம் அதுதான். கடையைப் பூட்டுவது என்றால் முதலாளிக்கு அறிவிக்க வேண்டாமா?

உங்களுடைய பழைய கடையை நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதுதான் பார்த்திருக்கிறேன். மாத்தறைப் பஸ் நிலையத்துக்கு எதிரே, சீனி மூட்டையும் சவர்க்காரமும் மணக்கிற நீளமான கடை. அங்கே எனக்கு ஞாபகம் இருப்பது ஒன்றுதான். யார் எதைக் கேட்டாலும் நீங்கள் “இல்லை” என்று சொல்லமாட்டீர்கள். தமிழிலும் சொல்லமாட்டீர்கள், சிங்களத்திலும் சொல்லமாட்டீர்கள். சீனி முடிந்திருந்தால் “சீனி நாளைக்கு வரும், சர்க்கரை இருக்கு.” சர்க்கரையும் முடிந்திருந்தால் “ரெண்டும் நாளைக்கு வரும், இருந்து ஒரு தேத்தண்ணி குடியுங்கோ.” கடைக்காரன் வாயால் அந்தச் சொல்லைச் சொன்னால் கடைக்கே அது பலித்துவிடும் என்பது உங்கள் அப்பா காலத்து நம்பிக்கை.

அந்தச் சொல்லை உங்கள் வாயிலிருந்து பிடுங்குவதுதான் என் வேலையாக இருந்தது. குரலை மாற்றிப் போன் எடுப்பேன்.

“முதலாளி, ஆனை முட்டை இருக்கோ?”

“நேற்றுத்தான் முடிஞ்சுது, வியாழக்கிழமை வரும்.”

“உங்களிட்ட மூளை இருக்கோ?”

“நாளைக்கு வரும். எடி விசரி, போனை வை!”

அம்மா செத்த வருடம் கடையைக் கொடுத்துவிட்டு நீங்கள் ஊருக்கு வந்தீர்கள். அதற்குள் உங்கள் முட்டு வருத்தம், அந்த மூச்சிழுப்பு, முற்றி, ஏறக்குறைய நாள் முழுக்க மூக்கில் ஒட்சிசன் வேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். வெளிநாட்டு மெசின் ஒன்று வாங்கினோம். ஒரு மாரிகூட அது தாங்கவில்லை. உப்புக்காற்று விசிறியைத் தின்று, மின்சுற்றுப் பலகையைத் தின்று, கடைசியில் அது உங்களைவிட மோசமாக இழுத்தது. அன்று நான் குரலை மாற்றாமலே கேட்டேன்: “முதலாளி, முட்டு இல்லாத மூச்சு இருக்கோ?” நீங்கள் இருமி முடித்துவிட்டுச் சொன்னீர்கள்: “ஓடர் போட்டிருக்கு. வரும்.”

கொழும்பில் ஆஸ்பத்திரி மெசின்களைத் திருத்தும் வேலையை விட்டுவிட்டு அக்கா வந்தது அதற்குப் பிறகுதான். வீட்டுப் பின்னறையில் இருந்து, மீன் போடுகிற பிளாஸ்டிக் பெட்டிக்குள் மெசினை இறக்கினாள். உப்பு ஈரத்தைப் பிடிக்க ஒரு வடி, கரண்ட் போனால் ஓட ஒரு பற்றரி, படகில் எறிந்தாலும் உடையாத மூடி. பெயர் வைக்கும் பொறுப்பை என்னிடம் தந்தீர்கள். முட்டு வருத்தத்தைக் கட்டிப்போடுகிற பெட்டி என்பதால் முதலில் “முட்டுக்கட்டை” என்றேன். நீங்கள் சிரித்துச் சிரித்து, அக்கா ஓடிவந்து குழாயைச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. பிறகு சொன்னேன்: “பெட்டி செய்யிற கடை பெட்டிக்கடைதானே, அப்பா?” நீளமான கடை வைத்திருந்த மனிதருக்கு அது குத்தும் என்று நினைத்தேன். நீங்களோ அன்றைக்கே கொழும்புச் சாமான்காரருக்குப் போன் எடுத்துச் சிங்களத்தில் சொல்லிவிட்டீர்கள். சிங்களத்திலும் பெட்டிக்கடையைப் பெட்டிக்கடை என்றுதான் சொல்வார்கள். அந்தப் பக்கத்துச் சிரிப்பு எங்களுக்கே கேட்டது. அன்றிலிருந்து பார்சல்கள் “பெட்டிக்கடை முதலாளி” என்று எழுதப்பட்டே வந்தன.

ஆனால் அனுமதி கிடைக்கும்வரை விற்கக்கூடாது, பரீட்சார்த்தமாக இரவல் மட்டும் கொடுக்கலாம் என்றார்கள். “விக்காத கடையோ?” என்று அரை நாள் சாப்பிடாமல் இருந்தீர்கள். பிறகு இரவலையும் வியாபாரம் மாதிரியே நடத்தினீர்கள். முதற்பெட்டி உங்களோடு. அடுத்தது நெடுந்தீவில், மேரி அக்கா வீட்டில். அவவுக்கு நெஞ்சு வருத்தம். புருஷன் அலெக்ஸ் அண்ணைக்குச் சொந்தப் படகு இருந்தபடியால் போக்குவரத்துச் சிக்கல் இல்லை. மூன்றாவது, காட்டுவதற்கு.

யாருக்குக் காட்ட? டவுனில் புதுத் தொழில்களுக்கு உதவுகிற திட்டம் ஒன்றுக்கு. அதன் பெயர் “தொழில் அடைகாப்பகம்”. அக்கா முதன்முதலில் அதைச் சொன்னபோது நீங்கள் குழாயைக் கழற்றிவிட்டுக் கேட்டீர்கள்.

“எத்தினை கோழியாம்?”

“கோழி இல்லையப்பா, கொம்பனிகளை வளர்த்து விடுகிற இடம்.”

“அப்ப முட்டை?”

“நாங்கள்தான் முட்டை,” என்றேன் நான். “முட்டுக்குப் பெட்டி செய்யப் போய் முட்டையாய்ப் போனம்.”

நீங்கள் யோசித்தீர்கள். “நல்ல சூடாய் வச்சிருப்பினமோ, இல்லாட்டில் பொரிக்கிறதுக்கு முன்னம் பொரிச்சுப் போடுவினமோ, எண்டு கேட்டுப் பார் பிள்ளை.” பகிடியில் எனக்கு நீங்கள் எப்போதும் ஒரு படி மேலே. ஆனாலும் உங்களுக்கு அந்தத் திட்டத்தில் ஆசை இருந்தது. அவர்கள் கைகொடுத்தால் ஊர்காவற்றுறைக்கு, நயினாதீவுக்கு, அங்கால மன்னாருக்கும் பெட்டி கட்டலாம் என்று மூச்சு வாங்க வாங்கச் சொல்லுவீர்கள். பொறியியலாளரான பிறகு அக்காவை “நீர்” என்றுதான் கூப்பிட்டீர்கள், பங்காளியைக் கூப்பிடுகிற மாதிரி. எனக்குக் கடைசிவரை “எடி”தான்.

இனி அந்த நாள்.

அக்கா காட்டுகிற பெட்டியோடு டவுனுக்கு வந்திருந்தாள். பெரியம்மா வீட்டில் தங்கி உயர்தரம் படிக்கிற நானும் வகுப்பு முடிந்து அடைகாப்பகத்துக்குப் போனேன். கண்ணாடிக் கதவு, குளிர், வெள்ளை விரிப்புப் போட்ட மேசை. நடுவில் எங்கள் மீன்பெட்டி, கலியாண வீட்டுக்கு வந்த கடற்றொழிலாளி மாதிரிக் கூச்சத்தோடு. பின்னேரம் நாங்கள் அதைத் தூக்கிக்கொண்டு கடைசி பஸ்ஸில் வீட்டுக்கு வருவதாகத்தான் இருந்தது. அப்போதுதான் ஒருங்கிணைப்பாளர் மிஸ் வந்து சொன்னா, கொழும்பிலிருந்து வரவேண்டியவர்கள் பிந்திவிட்டார்கள், நாளைக் காலமைதான் வருவார்கள், பெட்டி மேசையிலேயே இருக்கட்டும் என்று. நல்ல மனிசி. எங்களுக்காகத்தான் கேட்டா.

அக்கா வெளியே வந்து உங்களுக்குப் போன் எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள். காற்றுச் சத்தம் பெரிதாக இருந்தது. அன்று வாடைக் காற்று, படகுச் சேவையையும் நிறுத்தியிருந்தார்கள்.

“அப்பா, பெட்டியை நாளைக்கும் வைக்கட்டாம். நாங்கள் இண்டைக்கு வாறதெண்டால் தூக்கிக்கொண்டுதான் வரவேணும். என்ன செய்ய?”

நீங்கள் திருப்பிக் கேட்டீர்கள். “அவையள் பாத்தால் உதவி செய்வினமோ?”

“செய்வினம் போலத்தான் கிடக்கு.”

“அப்ப வையும், பிள்ளை. நிண்டு காட்டிப்போட்டு வாரும்.”

“உங்கட பெட்டி ஓடுதோ?”

“ஓம். நல்லா ஓடுது.”

நான் போனைப் பறித்தேன். “முதலாளி, கடையில மூளை இருக்கோ?”

“நாளைக்கு வரும்,” என்றீர்கள்.

அதற்குப் பிறகு உங்கள் குரலை நான் கேட்கவில்லை.

காலையில் உங்கள் போனிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது அலெக்ஸ் அண்ணை. “பிள்ளையள், கெதியா வாங்கோ,” என்றார். நாங்கள் வந்து சேர்ந்தபோது வாசல் திறந்திருந்தது. பின்னறைக் கதிரையில் இருந்து, மேசையில் கைகளை மடித்து, அதன்மேல் நெற்றியை வைத்திருந்தீர்கள். முட்டு வந்தால் நீங்கள் அப்படித்தான் இருப்பீர்கள். பக்கத்தில் வாய்க்குள் அடிக்கிற பம்மும் கிடந்தது, அமத்தி அமத்தி மருந்து முடிந்த பம். உங்கள் மூக்கில் குழாய் இருந்தது. பெட்டி ஓடிக்கொண்டிருந்தது.

அதை உங்கள் மூக்கில் பூட்டியது அலெக்ஸ் அண்ணை. அவர் வந்து பார்க்கும்போதே உங்கள் கை குளிர்ந்திருந்ததாம். என்ன செய்வதென்று தெரியாமல், தான் கொண்டுவந்த பெட்டியை உங்களுக்குப் பூட்டி முடுக்கியிருக்கிறார். அதை நிறுத்த அக்காவுக்கும் கை வரவில்லை, எனக்கும் கை வரவில்லை. மூச்சு எடுக்க ஆளில்லாமல் அது பாட்டுக்கு ஊதிக்கொண்டே இருந்தது.

அவர் முற்றத்தில் நிலத்தில் இருந்தபடி சொன்னார்.

“மேரியின்ர பெட்டி நேற்று மத்தியானம் நிண்டிட்டுது. விசிறிக்குள்ள உப்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோற வரைக்கும் அவளுக்கு மூச்சு வேணுமே. முதலாளிக்குப் போன் எடுத்துப் பெட்டி இருக்கோ எண்டு கேட்டனான். ‘இருக்கு, வா’ எண்டார். காத்தெண்டும் பாராமல் வந்தனான். வாசலில கட்டி வச்சிருந்தார். கூட ஒண்டு இருக்குதெண்டுதான் நினைச்சன். ‘உங்களுக்கு, முதலாளி?’ எண்டு கேக்காமலும் விடேல்லை. கேட்டனான். ‘எனக்குப் பின்னேரம் வேற வருது’ எண்டார்.”

வேற வருது. நாங்கள் கொண்டுவரவேண்டிய பெட்டி. நீங்கள் போட்ட கணக்கு அதுதான். ஒரு பின்னேரம் வரைக்கும் பம்மோடு சமாளிக்கலாம், பஸ்ஸில் சரக்கு வந்துவிடும். கடைக்காரக் கணக்கு, பிழையில்லாத கணக்கு. சரக்கு வராது என்று அக்கா போனில் சொன்ன அந்த இடத்தில்தான் நீங்கள் “இல்லை” என்று சொல்லியிருக்க வேண்டும். பெட்டி என்னிடம் இல்லை, பிள்ளை. ஒரே ஒரு தரம். அக்கா மேசையையும் விரிப்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்திருப்பாள். அம்புலன்ஸ் வந்திருக்கும். அது உங்களுக்கும் தெரியும். சொன்னால் பெட்டி மேசையை விட்டு இறங்கும், கடையும் அதோடு இறங்கும் என்று நினைத்தீர்களாக்கும்.

மேரி அக்கா பிழைத்துவிட்டா. குறிகட்டுவான் இறங்குதுறையில் அவவை அம்புலன்ஸில் ஏற்றிவிட்டு, இரவல் பெட்டியைத் திருப்பித் தரத்தான் அலெக்ஸ் அண்ணை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்.

அடைகாப்பகக்காரர் உதவி தருவதாக முடிவெடுத்துவிட்டார்கள். ஒருங்கிணைப்பாளர் மிஸ் செத்தவீட்டுக்கு வந்து அழுதா. பிறகு ஒருநாள், உங்கள் படத்தைப் போட்டு, உங்கள் தியாகத்தைப் பற்றி ஒரு சின்ன வீடியோ எடுக்கலாமா என்று கேட்டா. “தியாகமெண்டு போடாதேங்கோ, மிஸ்,” என்றேன். “கையிருப்பு முடிஞ்சுது எண்டு போடுங்கோ.” அவவுக்கு முகம் செத்துப்போயிற்று. நீங்கள் இருந்திருந்தால் ஒரு தேத்தண்ணி கொடுத்துச் சமாளித்திருப்பீர்கள்.

அந்தியேட்டிக் கிரியை முடிந்த மறுநாள் அக்கா பின்னறையைப் பூட்டினாள். கனடாவிலிருந்து சித்தி கூப்பிடுகிறாள், போகப்போகிறாளாம். பார்சல் வந்த அன்றும் அதையே சொன்னாள். குசினியில் கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டு, நிமிராமல்.

“ஒரு பொய், எடி. கடைசியாய் எனக்குச் சொன்னது ஒரு பொய். பெட்டி ஓடுதோ எண்டு கேக்கிறன், நல்லா ஓடுது எண்டு சொல்லுறார். அந்த மனுசனுக்குச் செய்த பெட்டியைப் பற்றி என்னட்டையே பொய். இனி ஆரை நம்பி நான் இதைக் கட்டுறது?”

அவள் அதை அத்தனை நாளும் எத்தனையோ விதமாகச் சொல்லியிருந்தாள். அன்று வார்த்தைக்கு வார்த்தை அப்படியே சொன்னதால்தான் எனக்குக் கேட்டது, அப்பா. பத்து வருடமாக உங்களோடு சொல்லுக்குச் சொல் மல்லுக்கட்டியவள் நான். உங்களுடைய பகிடிகளில் எனக்குப் பிடிபடாமல் போன ஒரே பகிடி அது.

“அக்கா,” என்றேன். “நீ போன் எடுக்கேக்கை அலெக்ஸ் அண்ணை எங்க?”

“எங்க? கடலிலதான்.”

“பெட்டி?”

“அவரோட, படகில…”

“அப்ப பெட்டி ஓடுதுதானே, கடலில.”

வெங்காயம் வெட்டிய கை நின்றது. அவள் என்னைப் பார்த்தாள். ஏதோ ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு என்றுதான் நினைத்தேன், ஏனென்றால் தொடங்கும்போது அது சிரிப்பாகத்தான் இருந்தது. பிறகு கத்தியைப் போட்டுவிட்டு என் முதுகில் அடித்தாள். உங்களுக்கு விழ வேண்டிய அடியெல்லாம் எனக்கு விழுந்தது. “விசர் மனுசன், விசர் மனுசன்” என்று சொல்லிச் சொல்லி அடித்தாள். கடைசியில் குசினி நிலத்தில் இருந்துவிட்டாள். நானும் பக்கத்தில் இருந்தேன். கறி அடிப்பிடித்து மணந்தது. எழும்பி அடுப்பை நிறுத்த ஒருவருக்கும் மனம் வரவில்லை.

வெளிச்சம் போகிற நேரத்தில் அக்கா அந்த வெங்காயக் கத்தியாலேயே பார்சலின் ஒட்டை வெட்டினாள். மணிகளை உள்ளங்கையில் எடுத்து ஈரம் பட்டிருக்கிறதா என்று பார்த்தாள். “இனி ஒரு பெட்டி வெளியில போறதெண்டால், இன்னொண்டு இஞ்ச நிக்கவேணும். ஆர் கேட்டாலும்,” என்றாள். கனடாவைப் பற்றி நான் கேட்கவில்லை.

முந்தாநாள் நெடுந்தீவுக்குப் போனோம். உங்கள் பெட்டி இப்போது மேரி அக்காவிடம்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து அவ வீட்டுக்கு வந்த அன்றே அக்கா அதை அலெக்ஸ் அண்ணையிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். இத்தனை நாளும் நிற்காமல் ஓடியதில் அதற்குள்ளும் உப்பு ஏறியிருக்கும், திறந்து துடைக்க வேண்டும். காட்டுகிற பெட்டி இன்னும் டவுனில்தான், மாற்றுப் பெட்டியும் கட்டி முடியவில்லை.

கல்வேலி போட்ட சின்ன வீடு. மேரி அக்கா கட்டிலில் தலையணைகளில் சாய்ந்திருந்தா. நான் நினைத்ததைவிட இளம் ஆள். உங்கள் பெட்டி கால்மாட்டில் இருந்து ஊதிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தை நான் எங்கே கேட்டாலும் கண்டுபிடிப்பேன். அவவோடு கதைக்கக்கூடாது என்று படகில் வரும்போதே முடிவெடுத்திருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், அப்பா, அவவின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்க்க எனக்கு ஆத்திரமாக இருந்தது. அந்த மூச்சு ஒவ்வொன்றும் எங்கள் வீட்டுக் கதிரையிலிருந்து எடுத்தது மாதிரி.

அவ அதைக் கண்டுவிட்டா போல.

“பிள்ளை, அண்டைக்கு உங்கட அப்பா பெட்டி இல்லையெண்டு சொல்லியிருக்கலாம் எண்டு நினைக்கிறீரோ?” என்று கேட்டா. குரலில் கோபம் இருக்கவில்லை, அழுகையும் இருக்கவில்லை.

ஓம் என்றால், செத்திருக்கலாம் என்று அவ முகத்துக்கு நேரே சொல்வது. மறுத்தால், உங்களை நான் விட்டுக்கொடுப்பது. நான் சுவரைப் பார்த்தேன்.

அக்கா இடையில் வந்து, “கொஞ்ச நேரம் பொறுங்கோ, துடைச்சிட்டுத் தாறன்,” என்று பெட்டியை நிறுத்திவிட்டு மூடியைக் கழற்றினாள். அறை சத்தமில்லாமல் போயிற்று. மேரி அக்கா கைகளை முழங்காலில் ஊன்றி முன்னுக்குக் குனிந்தா. அக்கா விசிறியைத் துடைத்தாள். திருப்பிப் பூட்டும்போது ஆணி ஒன்று கைதவறிக் கட்டிலுக்குக் கீழே உருண்டது. “பொறு, பொறு,” என்று அக்கா தேடினாள். மேரி அக்காவின் கழுத்துக் குழி உள்ளே போய்ப் போய் வந்தது. உதடு நீலமாகத் தொடங்கியது. அவ நெற்றியை மடித்த கைகளின்மேல் வைத்தா.

எனக்கு அடுத்து ஞாபகம் இருப்பது, நான் கட்டிலுக்குக் கீழே வயிற்றில் ஊர்ந்துகொண்டிருந்ததும், ஆணியைப் பிடித்ததும், தலையைக் கட்டில் சட்டத்தில் அடித்துக்கொண்டதும்தான். யாரோ கத்துகிறது கேட்டது. அலெக்ஸ் அண்ணைகூட வாசலிலிருந்து ஓடிவந்தார்.

“பூட்டக்கா! ஆணி கிடக்கட்டும், முதல்ல முடுக்கு! கெதியா, அக்கா, கெதியா!”

கத்தியது நான்தான்.

பெட்டி ஊதத் தொடங்கியது. மேரி அக்கா தலையை நிமிர்த்தும்வரைக்கும் நான் அவவின் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். தான் என்ன கேட்டோம் என்பதை அவ மறந்துவிட்டா. நான் மறக்கவில்லை. நான் கத்தியதுதான் அதற்குப் பதில். அது எனக்குப் பிடிக்கவில்லை, அப்பா. ஆனால் அது என் வாயிலிருந்துதான் வந்தது.